கிழிந்தது றப்பர்தான்



கடந்த மாதம் உடுப்பிட்டியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். 2009 இல் வன்னியில் கணவனை இழந்து, மெனிக்பாம் முகாமில் இருந்து, இரண்டு பிள்ளைகளுடன் ஊர் திரும்பிய அக்கா ஒருவரின் வீடு அது. தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் வாங்கிய பழைய மாருதி 800 கார்தான் அவருக்குச் சோறு போடுகிறது. காலையும் மாலையும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். இடையில் மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கூட்டிச் செல்கிறார்.

அன்று கார் முற்றத்தில் நின்றது.

"தங்கச்சி, சில்லுக்கு உள்பக்கம் கிறீஸ் தெறிச்சுக் கிடக்கு. ரெண்டு பக்க ஷாப்டையும் முழுசா மாத்தவேணுமாம். சங்கிலியை அடைவு வைக்கத்தான் போறன்" என்றார். கராஜில் கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத உழைப்பு.

அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயா ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பி, காரை மெதுவாக வட்டமாக ஓட்டிப் பார்த்தார். வலப்பக்கத்தில் "டக் டக்" என்ற சத்தம். இடப்பக்கத்தில் சத்தமே இல்லை. "இடப்பக்கம் கிழிஞ்சது றப்பர்தான், மூட்டு நல்லா இருக்கு" என்றார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 கார்களில் என்ஜின் பின்சில்லைத்தான் சுழற்றும். மாருதி 800 இல் முன்சில்லே காரை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதனால் ஷாப்டின் இரு முனையிலும் மூட்டு இருக்கிறது. அதற்குள் கிறீஸ், மேலே மடிப்பு மடிப்பாக றப்பர் உறை. கராஜில் இதை 'பூட்' என்பார்கள். உறை வெடித்தால் கிறீஸ் வெளியே போகும், மணலும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். எங்கள் ஒழுங்கைகளில் மணலுக்கா குறைவு? பிறகு மூட்டுக்குள் இருக்கும் உருக்குக் குண்டுகள் தேயும். தேய்ந்த மூட்டுக்குப் புது உறை போட்டுப் பயனில்லை. தேயமுன் கண்டால் உறையும் கிறீஸும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பமர நிழலில் இடப்பக்க வேலை நடந்தது. சில்லு நிலத்தில் இருக்கும்போதே நடு நட்டைத் தளர்த்தினார் ஐயா. பின்சில்லுகளுக்குக் கல் அணைத்து, மணலில் புதையாதபடி பலகை வைத்து ஜக் அடித்து, அதற்குப் பக்கத்தில் தாங்கியும் வைத்தார். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்குக் கீழே போகக்கூடாது. கீழ் மூட்டைக் கழற்றி ஷாப்டை எடுத்தபோது கியர் பெட்டி ஒயில் ஒழுகியது. பழைய பேசினில் ஏந்தினோம்.

மிச்சத்தை அக்காவே செய்தார். பழைய கிளிப்புகளை வெட்டினார், மூட்டை மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட்டு, மணல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். சில்லுப்பக்க மூட்டைப் பிரிக்காமல், உட்பக்க மூட்டைக் கழற்றி அந்த வழியால் புது உறையை நகர்த்தினார். உறையோடு வந்த கறுப்புக் கிறீஸை மூட்டுக்குள் அழுத்தி நிரப்பினார். உறை முறுகாமல் பார்த்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றிக் கிளிப் போட்டார். புது நடு நட்டை இறுக்க, அளவு காட்டும் ஸ்பனரை ஐயா கொண்டுவந்திருந்தார். குறைந்த ஒயிலையும் ஊற்றி நிரப்பினோம். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம்.

வலப்பக்க மூட்டைக் கராஜில்தான் மாற்றவேண்டியிருந்தது. இம்முறை அக்கா அங்கே போய், "வலப்பக்க வெளிமூட்டு மட்டும் மாத்துங்கோ. கழட்டின பழசை என்னட்டைத் தாங்கோ" என்றார். மறுபேச்சு வரவில்லை. அந்தக் காசைச் சீட்டு எடுத்துக் கட்டினார்.

வாகனம் வைத்திருக்கும் சகோதரிகள் மாதத்தில் ஒரு நாள் சில்லை முழுதாகத் திருப்பிவிட்டு, பின்னால் ரோச் அடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்போ, உள்பக்கம் கிறீஸோ தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். வேலைக்குக் கொடுக்கமுன், எந்தப் பக்கம், உறையா மூட்டா, சத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம், கொடுப்பது உங்கள் உழைப்பு.

அக்காவின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கிறது.

அடுத்த மாதம் சந்திப்போம்.