தறப்பாளுக்கு ஒரு முகடு

இந்தக் கோடையில் என்னுடைய வள்ளம் தண்ணீரில் மிதந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். 11. மிச்ச நாட்கள் முழுக்க அது ஸ்காபரோவில், எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், ட்றெயிலருக்கு மேலேதான் இருந்தது. 18 அடி நீளம். சிம்கோ ஏரியில் பேர்ச் மீன் பிடிக்கலாம் என்று வாங்கியது. இதுவரை என் கையில் மீனைவிடத் தறப்பாள்தான் கூடுதலாக அகப்பட்டிருக்கிறது.

ஒக்ரோபர் இரண்டாவது திங்கள் இங்கே நன்றி நவிலல் நாள். அந்த விடுமுறையோடு வள்ளத்தைக் கரையேற்றிவிடுவேன். இயந்திரத்தில் உள்ள தண்ணியை வடிக்க வேண்டும், அடித் தக்கையைக் கழற்றி வைக்க வேண்டும், பற்றறியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எல்லாம் ஒரு பின்னேரத்து வேலை. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. முறைப்பாடு அதற்கு மேலே போடுகிற கூரையைப் பற்றியது.

முதல் வருஷம் கூரை என்று ஒன்று வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தறப்பாளைப் போர்த்தி நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினேன். மத்தளம் மாதிரி இறுக்கம், தட்டிக்கூடப் பார்த்தேன். நவம்பர் மழையில் நடுவில் ஒரு கிண்ணம் அளவுக்குத் தண்ணி நின்றது. நின்ற தண்ணி துணியைக் கீழே இழுக்க, பள்ளம் பெரிதாக, இன்னும் தண்ணி சேர, ஒரு கிழமையில் அது குளமாகிவிட்டது. பிறகு குளம் உறைந்தது. தும்புத்தடியால் தட்டி உடைக்கப் போனேன். ஐஸ் உடைந்தது உண்மைதான், ஆனால் உடைந்த பலகை ஒன்று தறப்பாளைக் கிழித்துக்கொண்டு நேரே இருக்கையில் போய் விழுந்தது. ஏப்ரலில் திறந்தால் உள்ளே பூஞ்சணம், மணம் தாங்க முடியவில்லை.

இரண்டாம் வருஷம் பிளாஸ்ரிக் தண்ணிக் குழாய்களை வில்லாக வளைத்து நிறுத்தினேன். பார்க்க அழகு. ஆனால் அந்தக் குழாய் குளிரில் விறைத்து நொறுங்கும் சாமான் என்று வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. பெப்ரவரியில் ஒரு அடி ஈரப் பனி விழுந்தது. அடுத்த நாள் கணக்குப் போட்டேன். புதுப் பனி பஞ்சு. ஒரு கன மீற்றர் 100 கிலோகூட வராது. ஈரமாகி அமுங்கிய பனி 300 கிலோ வரை வரும். ஒரு சதுர மீற்றரில் ஒரு அடி கனத்துக்குக் கிடந்தால் 90 கிலோ. என்னுடைய கூரை ஏறக்குறைய 12 சதுர மீற்றர். ஆயிரம் கிலோவுக்கு மேல்! ஒரு சின்னக் காரைத் தண்ணிக் குழாய்களின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். கணக்கை நான் முதலே போட்டிருக்க வேண்டும். குழாய்கள் ஒவ்வொன்றாக முறிந்த சத்தம் குசினிவரை கேட்டது.

மூன்றாம் வருஷம் மரம். கடையில் இரண்டுக்கு நாலு என்று கேட்டு வாங்கினால், வீட்டில் அளந்து பார்க்க ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். வாளால் அறுத்தபோது இருந்த அளவின் பெயராம் அது. காய்ந்து, சீவி வருகிறபோது மரம் மெலிந்துவிடும், பெயர் மட்டும் மெலியாது. நான் இரண்டு அங்குலத்துக்குக் காடி வெட்டி வைத்திருந்தேன். கப்புகள் எல்லாம் ஆடின. மனைவி வந்து பார்த்தாள். "கீறினதெல்லாம் வடிவாத்தான் இருக்கு. மரத்தை ஒருக்கா அளந்திருக்கலாமேயப்பா" என்றாள்.

பிறகு பருத்தித்துறையில் இருந்து அப்பா, தொலைபேசித் திரையில். வாழ்நாளில் பனியைக் காணாத மனிதர். "முகடு படுத்துக் கிடக்குது. இந்த வாட்டத்தில தண்ணி எங்க ஓடும்? ஓலைக் கொட்டிலுக்கே நாங்கள் இதைவிட உயர்த்தி வைப்பம்" என்றார். சொன்னது சரி என்பதுதான் எனக்குக் கோபம். எல்லாவற்றையும் கழற்றி, நடுக் கப்புகளை ஒன்றரை அடி உயர்த்தி, முகட்டு வளையைத் திரும்ப ஏற்றினேன். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆணி தேடினேன்.

முகட்டை உயர்த்தியதும் பனி வழுக்கி விழுந்தது. பழைய தறப்பாளோ இரண்டு பக்கமும் எட்டவில்லை. பெரியது வாங்கினேன். பெரியது காற்றுக்குப் பாய். மரத்தின் மூலைகள் துணியைத் தேய்த்து ஓட்டையாக்கும் என்று கப்புகளின் தலைக்கு மகனுடைய டென்னிஸ் பந்துகளைக் கீறி மாட்டினேன், வளைக்கு என் பழைய சாரம் இரண்டைச் சுற்றினேன். ஓரத்தில் பாரம் கட்டச் சொன்னார்கள். பால் கான்களில் தண்ணி நிரப்பித் தொங்கவிட்டேன். அவை உறைந்து, இரவிரவாக வள்ளத்தின் வயிற்றில் மொங்கு மொங்கென்று மோதின. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், காலையில் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று மட்டும் கேட்டார். இப்போது கயிற்றை அடியால் விட்டு மற்றப் பக்கம் கட்டியிருக்கிறேன்.

காற்றோட்டம் இன்னொரு வழக்கு. முன்னும் பின்னும் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம். திறந்து விட்டால் ரக்கூன். போன மாசி மாதம் ஒன்று உள்ளே குடியிருந்தது. என் சாரத்தில் படுத்திருந்தது என்றால் நம்புவீர்களா? மூன்று வருஷத்தில் நான் கட்டியவற்றில் முழுத் திருப்தி கண்ட ஒரே ஆள் அதுதான்.

சுருங்கும் பிளாஸ்ரிக்கைச் சுற்றி, சூடுகாட்டி இறுக்கித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அடிக்கணக்கில் காசு, வசந்தத்தில் வெட்டிக் குப்பையில் போட வேண்டும். அநியாயம் என்று மூன்று வருஷமும் மறுத்தேன். மரம், குழாய், தறப்பாள் நாலு, கயிறு எல்லாம் கூட்டிப் பார்த்த துண்டை மனைவி காணாமல் மடித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது அந்தக் கண்களைப் பார்த்துத்தான். தறப்பாளின் ஓரத்தில் கயிறு போட இருக்கும் அலுமினிய வளையங்கள். பொதியில் "வலுவூட்டியவை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. துணி கிழியவில்லை, கயிறு அறவில்லை, மரம் அசையவில்லை. கண் மட்டும் பொரி மாதிரிக் கழன்று வருகிறது. எப்போதும் இடது பக்கம், மூன்றாவது. ஏன் மூன்றாவது என்று எனக்கு விளங்கவில்லை. அந்த இடத்தில் துணிக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

இன்றைக்குக் காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டது. இரவுக்கு 15 சென்ரிமீற்றர் பனி என்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தில் படபடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. சப்பாத்தைத் தேடுகிறேன். இந்த முறை நாலாவது.