விலை குறைஞ்ச கில்ட்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது?

கில்ட்டைப் பார்த்ததும் "ஆம்பளைக்குப் பாவாடையா?"ன்னு சிரிக்கிற ஆளா நீங்க? சிரிச்சு முடிச்சிட்டு வாங்க. கிளாஸ்கோ, எடின்பரோன்னு மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ற கூட்டம் எல்லா பேட்ச்லயும் உண்டு. அங்கே கல்யாணத்துலயும் பட்டமளிப்பு விழாவுலயும் கில்ட் கட்டின பசங்களைப் பார்த்ததும், நமக்கும் ஒண்ணு வாங்கினா என்னன்னு தோணும்.

தேடினா ரெண்டு விதமான விலை கண்ணுல படும். ஸ்காட்லாந்துல கையால தைச்ச கம்பளி கில்ட் பல நூறு பவுண்டு. ஆன்லைன்ல கிடைக்கிற மெஷின் தையல் கில்ட் நூறு பவுண்டுக்குள்ள முடிஞ்சிடும். இதுல பலதும் பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைச்சவை. கல்விக் கடன்ல படிக்கிறவன் எதை நோக்கிப் போவான்னு நான் சொல்லணுமா?

"8 கெஜம் கம்பளி இல்லேன்னா அது கில்ட்டே இல்ல"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். "எல்லாமே கட்டம் போட்ட துணிதானே, எது மலிவோ அதை வாங்கு"ன்னு இன்னொரு கூட்டம். ரெண்டையும் நான் ஏத்துக்கல. விலையைக் குறைக்கணும்னா எங்கேயாவது கை வைச்சுத்தான் ஆகணும். துணியின் அளவுல, தையல் முறையில கை வைச்சிருந்தா பரவாயில்ல. அளவுலயும் மடிப்புலயும் கை வைச்சிருந்தா, எவ்வளவு மலிவா இருந்தாலும் அது தண்டச் செலவு.

முதல்ல அந்த 8 கெஜக் கதையைப் பார்ப்போம். 8 கெஜம்னா சுமார் 7.3 மீட்டர். வழக்கமா இரட்டை அகலத் துணியில் 4 கெஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டா வெட்டி இணைப்பாங்க. ஆனா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மடிப்புகளை நிரந்தரமா தைச்சு வந்த ஆரம்பகாலக் கில்ட்டுகளுக்கு ஏறக்குறைய 4 கெஜம்தான் பிடிச்சது. 8 கெஜம் பிற்பாடு வந்த வழக்கம். அதனால 5 கெஜக் கில்ட் கட்டினவனைப் பார்த்து யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டியதில்ல.

இப்போ விடக்கூடாத விஷயங்கள். முதலாவது அளவு. உங்க ஜீன்ஸ் சைஸைச் சொல்லி கில்ட் ஆர்டர் பண்ணாதீங்க. ஜீன்ஸ் இடுப்பெலும்புல நிக்கும்; கில்ட் தொப்புள் மட்டத்துல நிக்கும். நாடாவை எடுத்து மூணு அளவு எடுங்க: தொப்புள் மட்டத்துல சுற்றளவு, பின்பக்கம் அதிகமா இருக்கிற இடத்துல சுற்றளவு, தொப்புள்ல இருந்து முழங்கால் நடு வரைக்கும் நீளம். ரெடிமேட்ல 24 அங்குல நீளம் சகஜம். அஞ்சரை அடி ஆளுக்கு அது முழங்காலைத் தாண்டித் தொங்கும். கீழே வெட்டிச் சரி பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க. நல்ல கில்ட்டோட கீழ் ஓரம் மடிச்சுத் தைச்சதில்ல, துணியோட சொந்தக் கரை. அதை வெட்டினா கில்ட்டோட தோற்றமே போயிடும். நீளத்தைக் கேட்டுத் தைச்சுத் தராத கடையை விட்டுடுங்க.

ரெண்டாவது மடிப்பு. இது நம்ம ஏரியா, லோடு எங்கே போகுதுன்னு பாருங்க. 13 அவுன்ஸ் துணி 4 கெஜம்னா கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. அதுல பெரும்பகுதி பின்பக்க மடிப்புகள்ல இருக்கு. இடுப்புல இருந்து பின்பக்கத்தின் அகலமான இடம் வரை மடிப்புகளைச் சேர்த்துத் தைச்சிருக்கணும். மேலே போகப் போக ஒவ்வொரு மடிப்பும் குறுகணும். உள்ளே கான்வாஸ் மாதிரி விறைப்பான துணி வைச்சிருக்கணும். அது இல்லேன்னா தோல் வாரை இறுக்கும்போது அந்த இழுப்பு நேரா மடிப்புகள் மேல விழும். கொஞ்ச நாள்ல மடிப்பு வாய் பிளந்துடும். விற்பனைப் படத்துல முன்பக்கம் மட்டும்தான் காட்டுவாங்க. பின்பக்கப் படமும் உள்பக்கப் படமும் கேளுங்க.

மூணாவது கட்டங்கள். பின்பக்கத்தின் குறுக்குக் கோடுகள் எல்லா மடிப்பிலும் ஒரே மட்டத்துல ஓடணும். படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினா, அவசரத்துல தைச்சதுன்னு அர்த்தம். முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணா வர்ற ரெண்டு தட்டையான பகுதியும் நேரா தொங்கணும். நடக்கும்போது மேல் பகுதி விலகி விரியக்கூடாது. பக்கிள் நடு ஓட்டையில மாட்டணும். அப்பதான் விருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே கில்ட் பொருந்தும்!

துணி? அக்ரிலிக் சூடு தாங்காது. அயர்ன் பாக்ஸை அதிகச் சூட்டுல வைச்சா பளபளன்னு ஆயிடும், அதனால மடிப்பைக் கூர்மையா வைச்சிருக்கிறது கஷ்டம். பாலியஸ்டர் விஸ்கோஸ் அதைவிட நல்லா விழும். கம்பளிதான் வேணும், காசும் இல்லேன்னா, வாடகைக் கடைகள் கழிச்சு விக்கிற பழைய கில்ட்டைத் தேடுங்க. புது அக்ரிலிக்கைவிட உங்க அளவுக்குக் கிடைக்கிற பழைய கம்பளி மேல். வார்களை இடம் மாத்தித் தைச்சா ஓரிரு அங்குலம் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துடாதீங்க. பல நூறு பவுண்டு கில்ட் கொள்ளை விலை இல்ல. அதுல பெரும்பகுதி, ஒருத்தர் நாள் கணக்கா உட்கார்ந்து கையால தைச்ச உழைப்புக்கான கூலி. அதே மாதிரி சியால்கோட் தையல்காரரும் மட்டமில்ல. சொன்ன அளவுக்குச் சரியாத் தைச்சிருந்தா அது நேர்மையான பொருள். மெஷின் தையலைக் கைத்தையல்னும், அக்ரிலிக்கைக் கம்பளின்னும் சொல்லி விக்கிறவன்தான் நம்மை ஏமாத்துறான்.

அதனால கடன்ல படிக்கிறோம்னு கூச்சப்பட்டு ஒதுங்க வேணாம், மலிவுதானேன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கவும் வேணாம். பிராண்டு பேரைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு இஞ்ச் டேப்பைத் தேடுங்க. அந்த மூணு அளவையும் போன்ல குறிச்சு வைச்சுக்கிட்டு, அப்புறமா கடைக்காரர்கிட்ட பேச்சை ஆரம்பிங்க.