வாசலை விழுங்கிய ரோடு

மதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களுக்கு,

திருச்செங்கோட்டில் எங்கள் தெருவுக்குப் புதிதாகத் தார் ரோடு போட்டுத் தந்தீர்கள். குண்டும் குழியுமாகக் கிடந்த தெரு. ரோடு வேண்டும் என்று கேட்டதும் நாங்கள்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்றும் அப்போதே கேட்டோம். மனு கொடுத்தோம், நேரில் வந்தும் சொன்னோம். பதில் வரவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

விதிமுறையை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியது பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருக்கோடி வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அங்கே ஒரு அம்மா நாலு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். கணவர் இல்லை. வீடு கட்டியபோது இரண்டு படி ஏறித்தான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு தடவை ரோடு போட்டால் உயர்வது 4 சென்டிமீட்டர்தானே என்பீர்கள். ஏழு தடவை போட்டால் கிட்டத்தட்ட ஒரு அடி. இரண்டு படியும் ரோட்டுக்குள் போய்விட்டன. இப்போது வாசலும் ரோடும் ஒரே மட்டம்; தறிப்பட்டறையின் தரை அதற்கும் கீழே. சாக்கடைக்குத் தண்ணீர் இறங்கும் துவாரங்களையும் உங்கள் ஆட்கள் தார்க்கலவையால் மூடிவிட்டார்கள்.

அடுத்து வந்த மழையில் தெருத் தண்ணீர் மொத்தமும் சாக்கடையோடு சேர்ந்து பட்டறைக்குள் புகுந்தது. பீமில் ஏற்றியிருந்த பாவு நூல் நனைந்து நாறிப்போனது. மோட்டார்கள் எரிந்தன. கெட்டுப்போன நூலுக்கான பணத்தை, நூல் கொடுத்தவர் கூலியில் பிடித்துக்கொண்டார். விடிய விடிய அந்த அம்மா பக்கெட்டில் தண்ணீர் மொண்டு ஊற்றியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அவர் போய் முறையிட்டபோது உங்கள் மேற்பார்வையாளர் என்ன சொன்னார் தெரியுமா? "ஜாக்கி வெச்சு வீட்டைத் தூக்கிக்கங்கம்மா." தறி நாலையும் விற்றாலும் அந்தச் செலவுக்குக் காணாது. ரோட்டை உயர்த்தியது நீங்கள். வீட்டை உயர்த்த வேண்டியது அவரா?

2022-ல் வேலூரில், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் சக்கரத்தோடு சேர்த்துச் சிமென்ட் ரோடு போட்டார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது, அதிகாரிகள் ஓடி வந்தார்கள். ஒரு வீடு வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைவதை யாரும் படம் பிடிப்பதில்லை.

இதில் ரோடாவது பிழைக்குமா என்றால் அதுவும் இல்லை. தாருக்குப் பெரும்பகை தண்ணீர். தேங்கி நின்றால் ஜல்லியையும் தாரையும் பிரித்துவிடும். வடிய வழியில்லாத தெருவில் போட்ட ரோடு சீக்கிரம் பெயரும். பெயர்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு, இன்னொரு பில். பணம் எங்கள் வரிப்பணம், புதைவதும் எங்கள் வீடு.

சுரண்டும் இயந்திரம் கிடைக்கவில்லை என்று ஒருவர் காரணம் சொன்னார். கரும்பாறையைத் துளைத்து நூற்றுக்கணக்கான அடி இறங்கும் போர்வெல் ரிக் வண்டிகளை வெளி மாநிலங்களுக்கெல்லாம் அனுப்பும் ஊர் இது. இங்கே நின்று இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது? 4 சென்டிமீட்டர் தாரைச் சுரண்ட மனம்தான் இல்லை.

நீங்கள் அந்த வாசலில் ஒருமுறை வந்து நில்லுங்கள். அளவு நாடாவைப் பிடித்துப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அடைத்த துவாரங்களைத் திறந்துவிடுங்கள், போட்ட தாரைச் சுரண்டி எடுத்துத் தெருவைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த அம்மாவுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கும் வழி சொல்லுங்கள். அதுவரை எங்கள் தெருவில் ரோடு வேலை முடிந்துவிட்டது என்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருப்பவன்