சீதாஃபல் கேட்டால் பரங்கிக்காய்!

தில்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில், சரோஜினி நகர் மார்க்கெட்டில் "சீதாஃபல் ஒரு கிலோ" என்றேன். சீதாப்பழம் வரும் என்று பார்த்தால், பரங்கிக்காயைக் கீற்றுப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர்! இந்த ஊரில் அதற்கு அதுதான் பெயராம். (கத்தூ என்றாலும் தருவார்கள்.)

தங்கமணி வழக்கம்போல் பால் கூட்டு வைத்தார். வேகவைத்து, பாலும் வெல்லமும் சேர்த்து, அரிசி மாவு கரைத்து விட்டால் ஆச்சு. பிள்ளைகள் தட்டில் ஓரம் கட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மா சொன்ன முறை: எண்ணெயில் வெந்தயம், பெருங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, துண்டுகளைப் போட்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து மூடி விடுங்கள். இளங்காய் என்றால் தோல் சீவ வேண்டாம். சிறு தீயில் தன் நீரிலேயே வெந்துவிடும். கடைசியில் மாங்காய்ப்பொடி, கொஞ்சம் வெல்லம். பூரியோடு சட்டி காலி!

"பிள்ளைகளுக்கு நம்ம ஊர் ருசியே தெரியாமல் போகிறதே" என்று புலம்புகிறவர்களில் நானும் ஒருவன்தான். ஆனால் பரங்கிக்காயே அமெரிக்கக் கண்டத்துக் காய். பெயரிலேயே 'பரங்கி' இருக்கிறது. பிழைக்க வந்த இடத்தில் அது கூட்டுக்கும் பழகிற்று, பூரிக்கும் பழகிற்று. பிள்ளைகள் பழகினால் மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

இப்போது எங்கள் வீட்டில் பாதிக் கீற்று அவர்கள் முறை, பாதி பால் கூட்டு. கூட்டு முழுக்க எனக்குத்தான் :-)