பிரஷர் நோட்டில் இல்லாத கட்டம்

முதியோர் இல்லத்துக்குப் பிறந்தநாள் பிரியாணி கொண்டுபோகிறவர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை. "அங்க எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு எரிகிறது. பிரியாணி வரும் மதியத்தில் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

கடையநல்லூர் தலைமுறைகளாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஊர். சிங்கப்பூர், மலேசியா, பிறகு வளைகுடா. பணம் வந்துவிடும், பிள்ளை வரமாட்டான். இந்தப் பக்கம் நான் பார்த்த இல்லங்களில் ஒரு நோட்டு இருக்கும். பிரஷர், சுகர், எடை, மாத்திரை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஒரு ஆச்சி நாலு நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் அதற்குக் கட்டம் கிடையாது. கேட்டால், "வயசாயிட்டுல்லா!"

வயசு இல்லை, நோய். 2017-18இல் இந்திய அரசு எடுத்த லாசி ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னது 0.8 சதவீதம் பேருக்குத்தான். அதுவும் வீடுகளில் எடுத்த கணக்கு.

அமெரிக்க நர்சிங் ஹோம்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைக் கேட்டுப் பதிவு செய்தாக வேண்டும். 2010இலிருந்து 2023 வரை பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகளையும் எல்லாரிடமும் கேட்டார்கள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. பதில் சொல்ல முடியாதவர் என்றால் ஊழியர்களைக் கேட்பார்கள். அப்போது பத்தாவதாக ஒன்று சேரும்: எரிந்து விழுகிறாரா? நம்மூரில் அதற்குப் பெயர் 'கிழவிக்குக் கொழுப்பு'. (கடமைக்கு டிக் அடிப்பவர்கள் அங்கேயும் இருப்பார்கள், அது வேறு.)

ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஜனவரியில் 4, ஏப்ரலில் 11 என்றால்தான் நடுவில் நடந்ததைத் தேடுவோம். மாத்திரை மாறியதா, பக்கத்துக் கட்டில் காலியானதா, மகனுடைய போன் நின்றதா?

"அன்பாப் பாத்துக்கிட்டா போதாதா?" என்கிறார்கள். சுகருக்கும் அன்பு போதும் என்பீர்களா?

கேள்வித்தாளை அப்படியே இறக்கவும் சொல்லவில்லை. முதியோருக்கென்றே உள்ள இன்னொரு அளவுகோலில், வெளியே போவதைவிட உள்ளேயே இருக்கப் பிடிக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். கேட்டைப் பூட்டி வைத்துவிட்டு அதைக் கேட்பது அபத்தம். நம் ஆச்சிகள் 'மனச்சோர்வு' என்று சொல்லமாட்டார்கள். "நெஞ்சு அடைக்கி, ஒறக்கம் வரல்ல" என்பார்கள். அந்தப் பாஷையில் கேளுங்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் இல்லங்களுக்கும் போய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஒன்பதையும் கேட்கட்டும். கேள்விகள் இலவசம். ஒன்பதாவது கேள்வி, சாகத் தோன்றுகிறதா என்பது. "ஆமா தாயி" என்று பதில் வந்தால், அன்றைக்கே தென்காசிக்குக் கூட்டிப்போக வண்டியும், அங்கே பார்க்க மனநல டாக்டரும் இருக்கவேண்டும்.