கரண்ட் பஸ்ஸும் வெள்ளை போர்டும்

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் போய்வருவது எப்படி என்று இப்போது ஆளாளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். நான் வேலை பார்க்கும் வங்கியிலும் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். மின்சாரக் கார் வாங்குகிறவருக்கு வட்டியில் சலுகை கொடுக்க வேண்டுமாம், ஏனென்றால் அவர் பூமியைக் காப்பாற்றுகிறாராம். எனக்கு என் அம்மாச்சி ஞாபகம் வந்தது. ஆயுசு பூரா கூலி வேலைக்கு நடந்தே போய்ச் செத்த மனுசி. ஒரு சொட்டு பெட்ரோல் எரித்ததில்லை. பூமியைக் காப்பாற்றியதற்காக அவளுக்கு யாரும் கால் பைசா வட்டி குறைக்கவில்லை, வட்டிக்கு விட்டவன்கூட.

அம்மா கதை கொஞ்சம் வேறு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் மிதித்தார்கள். கல்குவாரியில் உடைத்த பெண்கள், விவசாயக் கூலிகள், பால்வாடி ஆயாக்கள் எல்லாரும். பஸ்ஸுக்காகவும் புருசனுக்காகவும் காத்துக் கிடந்தது போய், நினைத்த நேரத்துக்குக் கிளம்பினார்கள். இதைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள், நல்லதுதான்.

என் அம்மாவும் கண்மாய்க்கரையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். ஆனால் எங்கள் தெருவிலிருந்து ஊர்த்தெரு முனை வரைதான் மிதிப்பார். அங்கே இறங்கிவிட வேண்டும். பிள்ளையார் கோயில் தாண்டும் வரை தள்ளிக்கொண்டே போய், அப்புறம் ஏறிக்கொள்ளலாம். ஆண்களுக்கும் அதே கதிதான். பொம்பளை ஏறிப் போனால் பேச்சு இன்னும் அசிங்கமாக வரும், அவ்வளவு வித்தியாசம். “சைக்கிள் ஓட்டுனதுக்கு எல்லாரும் பாட்டுப் பாடுனாங்கடி. எறங்கித் தள்ளுனதுக்கு ஒருத்தரும் பாடல” என்பார் அம்மா.

அரசாங்கம் ‘பெண்கள்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளையார் கோயில் வளைவு கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். அவர்கள் கணக்கில் பெண்ணுக்குச் சாதி கிடையாது. நம் கணக்கில் தலித்துக்குப் பொம்பளை உடம்பு கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பஸ் என்றைக்குமே வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1997இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். பள்ளன் பேர் எழுதிய பஸ்ஸில் நாங்கள் ஏறுவதா என்று கிளம்பினார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரு பெயரைத் தாங்க முடியாமல் அத்தனை பெயரும் போச்சு. அதே ஆண்டு ஜூன் 30, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் வெட்டிக் கொன்றது ஓடுகிற பஸ்ஸை மறித்துத்தான். இன்றைக்கும் எத்தனையோ ஊரில் பஸ் ஊரோடு திரும்பிவிடுகிறது. காலனிப் பொம்பளைகள் சுமையோடு நடந்து வந்து ஏற வேண்டும். இந்த ரோட்டில்தான் புகையில்லாத வண்டியையும் விடப் போகிறார்கள்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது. நான் அதை ஆதரிக்கிறேன், வாய் நிறைய ஆதரிக்கிறேன். மாதம் 800 ரூபாய்க்கு மேல் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவே ஆய்வு செய்து சொன்னது. வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஆபீஸ்காரனைப் போல காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்று போவதில்லை. விடியலில் ஒரு வீடு, அங்கிருந்து இன்னொரு வீடு, நடுவில் ரேஷன், பிள்ளை பள்ளிக்கூடம், மாமியாருக்கு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் காசு கொடுத்தால் சம்பளத்தில் பாதி கண்டக்டர் பைக்குப் போய்விடும். அந்தத் திட்டத்தைத்தான் 2022இல் ஒரு அமைச்சரே மேடையில் ‘ஓசி’ என்றார். மின்சாரக் கார் வாங்கியவருக்கு வருமான வரியில் ஒன்றரை லட்சம் வரை வட்டிக் கழிவு கொடுத்தார்களே, 2019 முதல் 2023 வரை கடன் வாங்கியவர்களுக்கு? 2023 மின்வாகனக் கொள்கையில் சாலை வரியை முழுசாக விலக்கினார்களே? அது ஓசி இல்லையா? அதுக்குப் பேர் ஊக்கத்தொகை. வெள்ளைச் சட்டை போட்டவனுக்குக் கொடுத்தால் ஊக்கம், ஈரச் சேலை கட்டியவளுக்குக் கொடுத்தால் ஓசி.

சரி, மின்சார பஸ்ஸுக்கு வருவோம். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து இன்னும் 135. முதல் கட்டத் திட்டம் மொத்தம் 625. தாழ்தளம், புகை இல்லை, இரைச்சல் இல்லை. வயதான பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியதில்லை. குறை சொல்ல ஆசைப்பட்டாலும் வண்டியைக் குறை சொல்ல முடியாது.

அந்த இரண்டு ஊர்ப் பெயரையும் திரும்பப் படியுங்கள் தோழர்களே. வியாசர்பாடி நம் சனம் காலங்காலமாக இருக்கும் இடம். பெரும்பாக்கம், கூவக்கரையிலும் அடையாற்றுக்கரையிலும் இருந்த நம்மைப் பிடுங்கிக் கொண்டுபோய் எட்டு மாடி அடுக்குகளில் அடைத்த இடம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது வேகமாக நடந்தது. வேலை செய்த வீடுகள் எல்லாம் நகரத்துக்குள்ளே, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி. பஸ்ஸைப் படுக்க வைத்துச் சார்ஜ் ஏற்ற நம் ஏரியா வேண்டும். விடிந்ததும் அதில் ஏறுவது யார்? பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பிய 135இல் 55 ஏசி பஸ். பெண்களுக்கு இலவசம் என்பது வெள்ளை போர்டுக்குத்தான், ஏசிக்கு இல்லை. நம் வாசலில் நின்று சார்ஜ் ஏறிய வண்டி நம்மைத் தாண்டிப் போகிறது.

ஓட்டுகிறவர் யார் என்பது அடுத்த கேள்வி. இந்த பஸ்கள் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சொந்த பஸ்கள் கிடையாது. பஸ்ஸும் டிரைவரும் தனியார் கம்பெனி, கண்டக்டர் மட்டும் கழகம், ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். 69 சதவீத இட ஒதுக்கீட்டை 1994இல் சட்டமாக்கி ஒன்பதாம் அட்டவணையில் வைத்தோம் என்று மார்தட்டுகிறோம். பெண்களுக்கு 30 சதவீதம் 1989லேயே வந்துவிட்டது. 1993இல் குமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசு பஸ் டிரைவராகச் சேர்ந்தபோது ஆசியாவிலேயே முதல் பெண் என்றார்கள். அத்தனையும் அரசு வேலைக்குத்தான். கான்ட்ராக்ட் டிரைவர் சீட்டுக்கு எந்த ரோஸ்டரும் இல்லை. டீசல் எஞ்சினைக் கழற்றியபோது சத்தமில்லாமல் இட ஒதுக்கீட்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள்.

இனி நம் பக்கம். பஸ் மறியல் என்றால் முன்வரிசையில் பெண்களை உட்கார வைக்கிறோம், போலீஸ் அடிக்கத் தயங்கும் என்று. அதே பஸ்ஸில் கூட்டத்துக்குள் இடுப்பைக் கிள்ளுகிறவனைப் பற்றி, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வராமல் போகும் கடைசி வண்டியைப் பற்றி, நான் போன எந்த மாநாட்டிலும் ஒரு தீர்மானம் கண்டதில்லை. ‘அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தோழர்’ என்பார்கள். எனக்கு அப்புறம் என்று சொல்லிச் சொல்லியே முப்பத்தாறு வயசாச்சு.

ஒரு ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 8 அன்று சென்னையில் 100 பிங்க் ஆட்டோக்களைப் பெண்கள் ஓட்டக் கொடுத்தார்கள். அரசு மானியம் ஒரு லட்சம், மிச்சம் வங்கிக் கடன். அதைப் பார்த்துவிட்டுப் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு அக்கா எங்கள் கிளைக்கு வந்தார். லைசென்ஸ் இருந்தது. மூன்று வருசமாக வாடகைக்கு ஆட்டோ ஓட்டியிருக்கிறார். அவருக்கு பேட்டரி ஆட்டோதான் வேண்டும், கேஸுக்கு வரிசையில் நிற்க முடியாது என்றார். ஆறாவது மாடியில் வீடு, வண்டி தரையில் நிற்கும், ராத்திரி எங்கே சார்ஜ் போடுவீர்கள் என்று கேட்டேன். ‘மொதல்ல வண்டி வரட்டும் மேடம், ஒயரு நா இழுத்துக்கிறேன்’ என்றார்.

ஃபைல் உள்ளே போய் நாலு நாளில் திரும்பியது. எழுத்தில் ‘போதிய ஜாமீன் இல்லை’. வாயில் ‘அந்த ஏரியாவாம்மா? வேணாம்’. அவ்வளவுதான். சாதியின் பெயரை யாரும் சொல்லவில்லை. இப்போது சாதிக்குப் பெயர் ஏரியா. பின்கோடு போதும், நம்மைக் கண்டுபிடிக்க. மறுப்புக் கடிதத்தை டைப் அடித்தவள் நான்தான். கவிதை எழுதுகிற அதே விரல். கொடுக்கும்போது ‘உங்க ஏரியா...’ என்று இழுத்தேன். ‘நாங்களா போனோம் மேடம்? எங்கள தூக்கினாந்து அங்க போட்டவங்ககிட்ட கேளுங்க, இன்னா ஏரியான்னு’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சாயங்காலம் நான் வெளியே வந்தபோது அந்த அக்கா ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். ஏசி பஸ் ஒன்று வந்தது. கதவு தானாகத் திறந்தது, தானாக மூடிக்கொண்டு சத்தமே இல்லாமல் போனது. அவர் வெள்ளை போர்டுக்காக நின்றார்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம். வியாசர்பாடி, பெரும்பாக்கம் பணிமனைகளில் மின்சார பஸ் ஓட்டும் டிரைவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, எஸ்சி பெண்கள் எத்தனை என்று கேளுங்கள். பெரும்பாக்கத்திலிருந்து காலை 6 மணிக்குள் கிளம்பும் பஸ்களில் வெள்ளை போர்டு எத்தனை, ஏசி எத்தனை என்று கேளுங்கள். பெண்களுக்கு ஆட்டோக் கடன் எத்தனை மனு வந்தது, எத்தனை தள்ளுபடி, எந்தப் பின்கோடு என்று பொதுத்துறை வங்கிகளிடம் கேளுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம், வேலை போய்விடும். பதில் வந்தால் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். கூட்டிக் கழித்துத் தருகிறேன், அதுதானே என் உத்தியோகம்.