விடுமுறையும் எங்கள் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறையைப் பிரயோஜனமாகக் கழிப்பதற்கென்று பத்திரிகைகள் வருஷந்தோறும் கூறும் யோசனைகளில், கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றி ஒரு வரியேனும் காண்பது அபூர்வமாக இருப்பதால், அத்தகைய சிறுவன் ஒருவனின் தாய் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

புத்திக் கூர்மையில் யாதொரு குறைவுமின்றி, எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் குழந்தையைப் பெருஞ் சிரமத்துக்குள்ளாக்கும் டிஸ்லெக்சியா, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தும், உறவினர் கூடிய வீட்டில் நாளிதழை நீட்டி, "எங்கே, இதை உரக்கப் படி பார்க்கலாம்" என்று அனைவர் முன்னிலையிலும் கேட்கும் பெரியவர்களுக்கு அது இன்னும் சோம்பலாகவே தோன்றுகிறது. அந்த ஒரு கணத்தில் குழந்தை அடையும் அவமானம், பல மாத காலப் பயிற்சி அளித்த தைரியத்தை அழித்துவிடுகிறது. இதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

பயிற்சியை அடியோடு விட்டுவிடுவதும் தவறு. விழிப்பு, உணவு, விளையாட்டு ஆகியவற்றின் கிரமத்தைக் கலைக்காமல், காலையில் சிறிது நேரம் மட்டும், ஒலியை வாயாற் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதச் செய்வதும் (நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் கையாண்ட முறையே அது), பல்லாங்குழியில் எண்ணப் பழக்குவதும், கதைகளை நாமே வாசித்துக் காட்டுவதும் நல்ல பலன் தருகின்றன.

எனினும், வேலைக்குச் செல்லும் பெற்றோர் இதைத் தனித்துச் செய்வது கடினம். ஆகையால், வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் மே மாதத்திலும் வாரம் இரண்டு நாட்களேனும் இக்குழந்தைகளுக்குக் கிடைக்கும்படி கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டுமென்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு தாய்,
மதுரை.